சாமி மாடத்தில் உப்பு ஜாடி

என் பிள்ளைக்கு,

போன வாரம் உன்னையும் மருமகளையும் மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவள், நீங்கள் சாப்பிட்ட தட்டுகளைக்கூடக் கழுவாமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ தெரியாது. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுகிறவன். எழுதினால் பாதியாவது படிப்பாய். மீதியை உன் மனைவி படிப்பாள். அவள் படிக்கட்டும் என்றுதான் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, இருந்த ரகசியத்தையும் அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அதற்காக அவள்மேல் கோபப்படாதே. அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராமல், "அத்தை, அவருக்கு பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குன்னு ஆபீஸ்ல பாத்த டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. எனக்கு பயமா இருக்கு" என்றாள். என் கை அது பாட்டுக்குக் காயை அரிந்துகொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு நாற்பதில் வந்தது, உனக்கு முப்பதுக்குள்ளேயே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். முதல் வாய் வைத்ததும் உப்பு கம்மி என்றாய். அவளைப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது என்று கண்ணாலேயே சொன்னாள். ஊறுகாய் கேட்டாய். இல்லை என்றேன். கை கழுவாமல்கூட எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் போய் ஊறுகாய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, அதை அப்படியே சோற்றின் மேல் பிழிந்து சாப்பிட்டாய். நாங்கள் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் நான் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒன்று அந்தத் தட்டில் மறுபடி ஆரம்பித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

உன் அப்பா மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். அவர் சட்டைப் பையைத் துவைக்கப் போட்டால் பத்துக் கடலைத் தோலாவது உதிரும். உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையை அவர் ஒரு படி தின்றுவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கே வருவார். சாப்பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், கருவாடு இருக்கிற நாளில் கருவாடு. ஒருநாள் மண்டியில் மூட்டை எடை போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் ரிக்‌ஷாவில் போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நான் அலறி அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டாக்டர் என்னைத்தான் தேடினார். மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதி உங்கள் கையில் இருக்கிறது, உப்பை நிறுத்துங்கள் என்றார். கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் அப்பா, கண்ணால் பார்க்கத்தானே கூடாது, நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன் என்று என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். அந்த மனுஷன் எதையும் சிரித்துத்தான் தப்பித்துக்கொள்வார். நீயும் அவர் மாதிரியேதான் சிரிக்கிறாய், அதுதான் எனக்குப் பயம்.

அன்றைக்கே வீட்டில் உப்பை நிறுத்தினேன். அவருக்கு மட்டும் இல்லை, உனக்கும் எனக்கும் சேர்த்து. ஒரு அடுப்பில் இரண்டு ருசி வைத்தால் அவர் கை தானாக அந்தப் பக்கம் போகும் என்று தெரியும். அவர் சப்பென்று சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து நாம் ருசியாகச் சாப்பிடவும் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உப்பு ஜாடியை என்ன செய்வது? தூக்கிக் கொட்டப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உப்பில்லாத வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள், அதுவும் வீட்டு ஆம்பளை படுத்துக் கிடக்கிற நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்றார். எனக்கும் திக்கென்றது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஜாடியை நிறையக் கல்லுப்பு நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, சமையலறைச் சுவரில் இருந்த சாமி மாடத்தில் அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். லட்சுமியும் வீட்டில் இருப்பாள், சாமி முன்னால் இருப்பதை அவரும் தொட மாட்டார். இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

உப்பில்லாமல் சமைக்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது, அதுவரை நான் சமைத்ததே இல்லை. உப்பும் புளியும் மிளகாயும் சமைத்தன, நான் கிளறிக்கொண்டிருந்தேன். உப்பு இருந்தால் வாடிப்போன கத்தரிக்காயையும் ஒப்பேற்றிவிடலாம். உப்பை எடுத்துவிட்டால் அந்தக் கத்தரிக்காய், முந்தாநாள் பறித்தேன், நேற்றெல்லாம் வெயிலில் கிடந்தேன் என்று வாயில் போட்டதும் சொல்லிவிடும். முதல் வாரம் வைத்த புளிக்குழம்பு கஷாயம் மாதிரி இருந்தது. அதோடு புளிக்குழம்பைத் தலை முழுகினேன். காலையில் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குகிறவர்களிடம் மட்டும் காய் வாங்க ஆரம்பித்தேன். அவரையை ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும். கத்தரிக்காய்க் காம்பில் முள் குத்த வேண்டும். வாங்கி வந்த கையோடு சமைத்துவிட வேண்டும், மத்தியானத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தால் பாதி ருசி போய்விடும். எந்த மாதம் எது விளைகிறதோ அதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. தை, மாசியில் அவரையும் பச்சை மொச்சையும். பங்குனியில் முருங்கைக்காய். சித்திரையில் மாங்காய் போட்ட பருப்பு, அந்தப் புளிப்பு உப்பு இல்லாத குறையைக் கொஞ்சம் மறக்கடிக்கும். மழை பிடித்துவிட்டால் கீரை. பருப்புக்கீரையில் லேசாகப் புளிப்பும் உப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி அதிலேயே இருக்கிறது, மண்சட்டியில் பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தால் வேறு எதுவும் வேண்டாம். காரத்துக்கு மிளகு, வாசனைக்குச் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும், கடைசியில் ஒரு மூடி எலுமிச்சம்பழம். இவ்வளவுதான் சமையல். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் நீங்கள் இருவரும் என் கையால் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

உன் ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் காம்பஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து இறுகிப் போகும். என்னடா தண்ணீரில் ஊற வைக்கிறாயா என்று அப்பா புதிதாக வாங்கிக் கொடுப்பார், அதுவும் துருப்பிடிக்கும். ஒருநாள் நானே திறந்து பார்த்தேன். உள்ளே காகிதத்தில் மடித்த உப்பு. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் தூவிக்கொள்வதற்காகத் தோழன் வீட்டிலிருந்து வாங்கி வைத்திருந்தாய். நான் அதை வாசலில் கொட்டினேன். நீ அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, "அப்பாக்குத்தானே ஒடம்பு சரியில்ல? நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாய். பெரியவர் சாப்பிடுவதைத்தான் வீட்டில் எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று சத்தம் போட்டு உன்னை அனுப்பிவிட்டேன். உன் கேள்வி நியாயம் என்று தெரிந்ததால்தான் சத்தம் போட்டேன். வளர்கிற பிள்ளைக்குத் தட்டோரம் ஒரு சிட்டிகை வைத்திருந்தால் குடி முழுகியிருக்காது. நான் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு என்றாலே உனக்குத் தண்டனை மாதிரி ஆகிவிட்டது. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் லீவில் வந்து, அங்கே ஊற்றுகிற சாம்பாரைப் பற்றிக் கல்யாண விருந்து மாதிரி பேசினாய். எல்லாப் பிள்ளைகளும் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டும், என் பிள்ளை ஒருவன்தான் மெச்சினான். உன் நாக்கை நானே ஓட்டலுக்கு அனுப்பி வைத்தேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நினைத்து என்ன ஆகப்போகிறது?

சாமி மாடத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குத் திடீரென்று பக்தி வந்தது. அதுவரை குளித்துவிட்டு வந்து திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு ஓடுகிறவர், மாடத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். சமையலறையில் பெண்கள் குறுக்கும் நெடுக்கும் போனால் மனசு நிலைக்காதாம், அந்த நேரத்துக்கு நான் வெளியே போய்விட வேண்டுமாம். நோய் வந்த மனுஷனுக்கு நல்ல புத்தி வருகிறது என்று பூரித்துப் போனேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாடத்தைத் துடைக்க ஜாடியைத் தூக்கினேன், கனமே இல்லை. திறந்து பார்த்தால் பாதிக்கும் கீழே கிடக்கிறது உப்பு. அன்று மத்தியானம் அவர் வந்ததும் ஜாடியை அவர் முன்னால் வைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நானா கொண்டுபோய் சாமி முன்னால வெச்சேன்? நீதான் வெச்ச. சாமி முன்னால வெச்சது பிரசாதம். பிரசாதத்தை வேணாம்னு சொல்றவன் இந்த ஊர்ல இருக்கலாமா, நீயே சொல்லு" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பாதிக்கு மேல் அவர் அதை நம்பினார். தினம் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார். சாமி தருவது கெடுதல் செய்யாது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்தவள் நான். அவர் கைக்கு எட்டாத இடம் என்று நான் தேர்ந்தெடுத்த இடம், அவர் தயங்காமல் கை வைக்கிற இடமாகப் போய்விட்டது.

ஜாடியை அன்றே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். லட்சுமி அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும் என்றேன். ஆனால் அடுத்த தீபத்துக்கு அதை ஒரு நாளைக்குத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. தீபத்துக்கு நம் வீட்டில் எவ்வளவு கூட்டம் வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? திருவண்ணாமலையில் ஒரு வீடு இருந்தால் கார்த்திகையில் அது உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொந்தம். அவர்களுக்கு உப்பில்லாமல் போட முடியாது. ஒரு அண்டா சாம்பார் உப்புப் போட்டு வைத்தேன், அவருக்கும் நமக்கும் தனியாக ஒரு சட்டியில் வைத்தேன். காலையிலிருந்து எல்லாரும் விரதம். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட வேண்டும். சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடியில் நின்றோம். நீ உன் அப்பாவின் தம்பி பிள்ளைகளோடு சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாய். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நெருப்பு தெரிந்ததும் தெருத்தெருவாக அரோகரா என்று எழுந்த சத்தத்தில் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போதுதான் தீப்பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. இறங்கிப் போனேன்.

உன் அப்பா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். விளக்கு ஏற்றாததால் உள்ளே மங்கலாக இருந்தது. அண்டாவுக்குள் கையை விட்டுக் காயை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சூடு தாங்காமல் கையை உதறுவார், மறுபடி விடுவார். ஊரில் அத்தனை கண்ணும் மலைமேல் இருக்கும் நேரம் அது, யாரும் கீழே வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காகக் காலையிலிருந்தே காத்திருந்திருப்பார். நான் கதவோரமாக நின்றேன். அந்த மனுஷன் தீபத்தைக்கூடப் பார்க்காமல் நிற்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. கோபம் துளியும் இல்லை, வெட்கம்தான் இருந்தது. அவருக்காக நான் வெட்கப்பட்டேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்துத் தீப்பெட்டி எடுக்காமலே மேலே போய்விட்டேன். விளக்கை வேறு யாரோ ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் மேலே வந்து, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்குது என்றார். உப்பை நிறுத்திய நாளிலிருந்து இதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அவருக்குக் கிடைக்காதது ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது, அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உனக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். உப்பை விட்ட முதல் கொஞ்ச நாள் எல்லாமே மண் மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள், எந்த நாள் என்று தெரியாமலே, நாக்கு திரும்பும். எனக்கு அது தெரிய வந்தது கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்தில். பந்தியில் எல்லாரும் மெச்சி மெச்சிச் சாப்பிட்ட சாம்பாரை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. கடல் தண்ணீரை வாயில் ஊற்றின மாதிரி கரித்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் கீரை கடைந்து சாப்பிட்டேன். கீரையில் கீரை தெரிந்தது, பூண்டில் பூண்டு தெரிந்தது. உன் அப்பாவுக்கு அந்த நாள் வரவே இல்லை. வர அவர் விடவில்லை. ஜாடி இருந்தவரை மாடத்தில் ஒரு சிட்டிகை, மண்டியில் ஒரு கை அவித்த மல்லாட்டை, டீக்கடையில் ஒரு மசால் வடை. அன்றன்றைக்கு அந்தக் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்ததால் நாக்கு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. உப்பும் உடம்பில் சேர்ந்தது, வீட்டுச் சாப்பாடும் கடைசிவரை சப்பென்றே இருந்தது. பாதியில் நிற்கிறவனுக்கு எந்தப் பக்கத்துச் சுகமும் கிடையாது. நீ மத்தியானம் ஓட்டலிலும் ராத்திரி அவள் கையாலும் சாப்பிட்டுக்கொண்டு, நானும் பத்தியம் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்கிறாயாமே. அப்பாவும் அங்கேதான் நின்றார்.

நான் என்ன சொல்ல முடியும்? மார்க்கெட்டுக்கு நீ போ. அவளை அனுப்பாதே, நீயே பையை எடுத்துக்கொண்டு போ. உன் அப்பா ஒரு வெங்காயம்கூட உரித்ததில்லை, அவர் சமையலறைக்குள் வந்ததெல்லாம் திருடுவதற்குத்தான். காயை ஒடித்துப் பார்த்து வாங்கி, நீயே அரிந்து, நீயே கடைந்து சாப்பிட்டால் அதில் உப்பு இல்லாதது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. உன் கை பட்டதை உன் நாக்கு சீக்கிரம் கைவிடாது. ஆடியில் முள்ளங்கி கிடைக்கிறதே என்று வாங்காதே, அதற்கு அப்போது உயிர் இருக்காது. தையில் வருகிற அவரையை விடாதே. ஊறுகாயை வீட்டுக்குள் கொண்டு வராதே, வெளியே போயும் நக்காதே. இவ்வளவையும் எழுதுகிறேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. பொய் சொல்ல மாட்டேன், துளிக்கூட இல்லை. வருஷக்கணக்காக ஒரே கூரையின் கீழ், மூன்று வேளையும் என் கையால் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மனுஷனைக் காப்பாற்ற முடியாதவள் நான். மெட்ராஸில் இருக்கிற உன்னைக் கடுதாசி எழுதியா காப்பாற்றப் போகிறேன்? கூடவே வந்து இருந்து சமைத்துப் போடட்டுமா என்றும் நினைத்தேன். வந்தால் நீ என்னையும் ஏமாற்ற வேண்டியிருக்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் கடைசி வாரம் நீ பரீட்சை எழுதப் போயிருந்தாய். அதற்கு முன்னால் இரண்டு மாதமாக அவர் கட்டிலிலேயே கிடந்தார் என்பது உனக்குத் தெரியும். கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது, எழுந்து பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது. மண்டி இல்லை, டீக்கடை இல்லை, வாசல்வரை நடக்கவும் முடியாது. நான் ஊட்டினால்தான் உண்டு. வந்து பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அவரு இன்னா கேக்கறாரோ குடுங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டில் போய் உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒருகாலத்தில் உயிரை விடுவாரே, அந்த மாதிரி ரசம் வைத்தேன், அளவாக உப்புப் போட்டேன், நார்த்தங்காய் ஊறுகாயும் வாங்கி வந்தேன். சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு வாய் கொடுத்தேன். இத்தனை வருஷமும் திருடித் தின்றதை இன்றைக்காவது என் கையால் தின்னட்டும் என்று நினைத்தேன்.

வாயில் வாங்கியவர் முகத்தைச் சுளித்தார். கரிக்கிறது என்று சொல்லி அப்படியே துப்பிவிட்டார். உப்பை அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன், சரியாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருட வழியில்லாமல் கிடந்த இந்த இரண்டு மாதத்தில் அவர் நாக்கு திரும்பிவிட்டது. அடுப்பில் எனக்காகச் செய்து வைத்த அவரைக்காய் இருந்தது. அன்று காலையில் வாங்கியது, சின்ன வெங்காயமும் தேங்காயும் மட்டும் போட்டது. அதைச் சோற்றோடு மசித்துக் கொடுத்தேன். அவர் மெதுவாக, ரொம்ப நேரம் மென்றார். இன்னொரு வாய் கேட்டார். அதையும் மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "இத்தினி வருஷமா நீ இப்பிடியா சமைச்சிட்டிருந்த?" என்று கேட்டார். அந்த முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாவது வாய்க்கு அவருக்குத் தெம்பு இல்லை. வியாழக்கிழமை போய்விட்டார்.

நான் சமைத்ததை அவர் சாப்பிட்டது அந்த இரண்டு வாய்தான். அந்தக் கேள்விக்கு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை. உனக்கும் ஒருநாள் நாக்கு திரும்பும், அது நிச்சயம். இப்போது நீயாகத் திருப்பினால் அதற்குப் பிறகு சாப்பிட வருஷங்கள் இருக்கும். இல்லாவிட்டால் கட்டில் திருப்பும். அப்போது உன் மனைவியின் முகத்தைப் பார்த்து நீயும் அதே கேள்வியைக் கேட்பாய். அவரைக்காய் வாங்கவும் கீரை கடையவும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் என்னால் சொல்லித்தர முடியாது. மாடத்துக்கு முன்னால் நின்று பிள்ளைக்கு நீண்ட ஆயுசைக் கொடு என்றுதான் நான் வேண்ட வேண்டும். வாய் வரவில்லை. அந்த நாளைப் பார்க்காமல் என்னைக் கொண்டுபோய்விடு என்றுதான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள்.